ஓரகத்தி வீட்டு நீரோட்டம்

அத்தியாயம் 9

குப்பத்துக்கு இரண்டு கண்ணாடித் தொட்டிகள் வந்து இறங்கியதையும், அதில் ஒன்று மூத்த மருமகள் கலைவாணி வீட்டுக்கும் இன்னொன்று இளைய மருமகள் பூவிழி வீட்டுக்கும் போனதையும் இதுவரை பார்த்தோம். இரண்டும் ஒரே அளவு. இரண்டடி நீளம், அறுபது லிட்டர் கடல் தண்ணீர். ஒவ்வொன்றிலும் ஒரு ஜோடி கோமாளி மீன். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட, சுண்டுவிரல் நீள மீன்கள்.

மகளிர் குழுவுக்குப் பயிற்சி கொடுக்கும் அனிதா மேடம் அன்றைக்கே சொல்லிவிட்டுப் போயிருந்தார். மூன்று வாரம் கழித்து வருவார். யார் வீட்டுத் தொட்டி நன்றாக இருக்கிறதோ அவள் பொறுப்பில் பத்துத் தொட்டிகளோடு ஒரு குஞ்சு வளர்ப்புக் கூடம் அமையும். குழுவில் உள்ள மற்றப் பெண்கள் அவள் சொல்படி வேலை செய்வார்கள்.

அந்த மூன்று வாரம் இன்றோடு முடிகிறது.

கலைவாணி விடிந்ததும் முதலில் செய்த காரியம், சுவரில் காதை வைத்துக் கேட்டதுதான். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் பூவிழி வீட்டு மோட்டார் கும்மென்று ஓடிக்கொண்டிருந்தது. மூன்று வாரமாக அந்தச் சத்தம் அவளுக்குச் சோறு இறங்கவிடவில்லை.

தொட்டியில் தண்ணீரை ஓடவிட ஒரு சின்ன மோட்டார் வேண்டும் என்று மேடம் சொன்னபோது, கலைவாணியின் கணவன் தினகரன் பொன்னேரியில் கிடைத்ததை வாங்கி வந்தான். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. மணிக்கு இருநூற்று ஐம்பது லிட்டர் என்று அட்டையில் போட்டிருந்தது. அவன் தம்பி அஜித்குமாரோ சென்னைக்குப் போய், கொளத்தூர் கடைகளில் அலைந்து, உருண்டைத் தலையோடு ஒரு அலை மோட்டார் வாங்கிக்கொண்டு வந்தான். மணிக்கு மூவாயிரம் லிட்டர். கண்ணாடியில் காந்தத்தால் ஒட்டிக்கொண்டு நிற்கும். அதைப் போட்டால் தொட்டிக்குள் முகத்துவாரமே வந்த மாதிரி தண்ணீர் பாயும்.

கலைவாணி அதைப் பார்த்துவிட்டு வந்து தினகரனிடம் இரண்டு நாள் பேசவில்லை. பெண்டாட்டி கேட்காமலே ஒருத்தன் சென்னை வரைக்கும் போகிறான், கேட்டும் ஒருத்தன் பொன்னேரியைத் தாண்டமாட்டேன் என்கிறான். இதே போதும், சின்ன மீனுக்கு எதற்கு அவ்வளவு என்று தினகரன் சொன்னதை அவள் மன்னிக்கவே இல்லை.

அவளுக்குத் தண்ணீர் தெரியும். அவள் நைனா எல்லப்பன் முகத்துவாரத்தில் வலை கட்டியவர். கடல் தண்ணீர் ஏரிக்குள் வேகமாக ஏறும் நேரத்தில்தான் வலை நிறையும், ஓட்டம் செத்துக் கிடக்கும் நாளில் வெறும் பாசிதான் வரும் என்பதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவள். ஓட்டம் எங்கே பெரிதோ அங்கேதான் மீனுக்குச் சந்தோஷம். அதனால் பூவிழி வீட்டு மீன்கள் ஜெயித்துவிட்டன என்று முதல் நாளே முடிவு கட்டிவிட்டாள்.

இத்தனைக்கும் இந்தக் குழுவை ஆரம்பித்தவளே கலைவாணிதான். வீடு வீடாகப் போய், மாட்டேன் என்றவர்களை எல்லாம் உட்கார வைத்துப் பேசி, பன்னிரண்டு பேரைச் சேர்த்தவள். பூவிழி கல்யாணமாகி வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. பதின்மூன்றாவதாகச் சேர்ந்தாள். அவள் சொல்படி தொட்டி கழுவி நிற்பதாக ஒரு நினைப்பு வரும்போதெல்லாம் கலைவாணிக்கு நெஞ்சுக்குள் அரம் வைத்துத் தேய்க்கிற மாதிரி இருந்தது.

போதாததற்கு அவளுடைய மகள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை வீசிவிட்டு நேரே சித்தி வீட்டுக்குத்தான் ஓடுகிறாள். அம்மா தொட்டியில் மீன் வெளியிலேயே சுற்றுகிறதாம், சித்தி தொட்டியில் இரண்டும் பானை ஓட்டுக்குப் பின்னால் ஒளிந்து விளையாடுகிறதாம். அதைக் கேட்டதும் கலைவாணிக்குக் கை ஓடவில்லை. முட்டை வைக்கப்போகும் ஜோடி ஒரு மறைவைப் பார்த்து அங்கேயே கிடக்கும் என்று மேடம் வகுப்பில் சொன்னது ஞாபகம் வந்தது. பூவிழிக்கு அதுவும் கூடி வந்துவிட்டதா என்று நினைத்தாள்.

ஒன்பது மணி இருக்கும். பூவிழி வாசலில் வந்து நின்றாள். ரேஷன் கடையில் கைரேகை வைக்கப் பழவேற்காடு போகிறாளாம், அப்படியே காத்திருந்து பொன்னேரி பஸ்ஸில் வரும் மேடத்தைக் கையோடு அழைத்து வந்துவிடுவாளாம். மாமியார் கஸ்தூரியம்மாளும் காட்டூரில் மகள் வீட்டுக்குப் போயிருப்பதால் வீட்டில் ஆள் இல்லை.

"நீ கொஞ்சம் பாத்துக்கக்கா. கரண்டு போய் வந்தா மோட்டார் ஓடுதானு மட்டும் பாரு. தீனி நான் வந்து போட்டுக்கறேன்" என்று சாவியை நீட்டினாள்.

அவள் முகம் களைத்திருந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. கலைவாணி அதைக் கவனித்தாள். ஜெயிக்கப்போகிறவளுக்கு என்ன களைப்பு என்று மட்டும் நினைத்துக்கொண்டு சாவியை வாங்கி இடுப்பில் செருகினாள்.

பத்து மணிக்கு அவளே போய்க் கதவைத் திறந்தாள். கரண்டு போகவில்லை. போகவே இல்லை என்பது அவளுக்கும் தெரியும்.

தொட்டி சன்னல் ஓரத்தில் பளிச்சென்று இருந்தது. மணலில் ஒரு தூசி இல்லை. மோட்டார் இடது ஓரத்தில் இருந்து நேரே எதிர்க் கண்ணாடிக்குத் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தது. நடுவில் மணல் ஓரிடத்தில் குழிந்து அடிக் கண்ணாடியே தெரிந்தது. இரண்டு மீன்களும் வலது மூலையில், கவிழ்த்த பானை ஓட்டுக்குப் பின்னால் ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. வெளியே வரவில்லை.

கலைவாணி குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். தன் வீட்டுத் தொட்டி கண்ணுக்குள் வந்தது. அங்கே மூலையில் அழுக்கு தங்கும். மணல் மேல் செம்பழுப்பாக வழவழவென்று ஒரு படலம் வரும், தினமும் அவள் அதைச் சுரண்டி எடுப்பாள், மறுநாள் திரும்ப வரும். இன்று காலையும் எடுத்திருந்தாள். இங்கே அந்தத் தொல்லையே இல்லை. எல்லாவற்றையும் இந்த உருண்டை மோட்டார் பார்த்துக்கொள்கிறது.

அவள் முழங்கை வரை கையைத் தண்ணீருக்குள் விட்டாள். மோட்டாரின் தலையைப் பிடித்துத் திருப்பினாள். அது வழுக்கிக்கொண்டு எளிதாகவே திரும்பியது. தண்ணீர் வரும் வாயைப் பின்பக்கக் கண்ணாடிக்கு நேராக, சற்றே மேல்நோக்கி வைத்தாள். ஓட்டம் இனி அந்தக் கண்ணாடியில் முட்டி அங்கேயே சாகும். தொட்டி குட்டை மாதிரி நின்றுவிடும். மேடம் வரும்போது இரண்டும் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருக்கும். யார் வந்து யாரைக் கேட்பார்கள், மோட்டார் தானாகவே நழுவித் திரும்பியிருக்கும்.

அங்கே நின்று பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. கையைத் துடைத்துக்கொண்டு, பூட்டிவிட்டு வெளியே வந்தாள்.

பதினோரு மணிக்குப் படகு கரைக்கு வந்தது. அண்ணனும் தம்பியும் ஒரே படகில்தான் போகிறார்கள். கலைவாணி கூடையோடு போய் உட்கார்ந்து இறாலையும் நண்டையும் பிரித்துக்கொண்டிருந்தபோது அஜித்குமார் ஒரு சின்னக் கிண்ணம் நிறையப் பொடி இறாலை அவள் பக்கத்தில் வைத்தான். எல்லாம் துடித்துக்கொண்டிருந்தன. மேடம் வருகிற நாளாயிற்றே, இரண்டு தொட்டிக்கும் போடத் தனியாக எடுத்து வைத்தானாம்.

"மொதல்ல உங்க மீனுக்குப் போடுங்க அண்ணி. மிச்சம் இருந்தா அவளுக்குக் குடுங்க" என்றான்.

யாருக்குக் கூடம் வந்தாலும் வீட்டுக்குத்தானே வருகிறது என்றும் சொல்லிவிட்டு, வலையை உதறப் போய்விட்டான். தினகரன் தூரத்தில் இருந்து அவளைப் பார்த்து ஒன்றும் கேட்காமல் சிரித்தான். இன்றைக்காவது முகம் கொடுத்துப் பேசுவாளா என்ற சிரிப்பு.

கலைவாணிக்கு இறால் கூட்டம் கண்ணில் மங்கியது. கிண்ணத்தில் ஒரு இறால் துள்ளித் துள்ளி ஓய்ந்தது. சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத இரண்டு உயிர், அந்த வீட்டுக்குள் பூட்டிக் கிடக்கின்றன. அவற்றுக்கும் தனக்கும் என்ன பகை. பூவிழி வந்து பார்த்தால் அழக்கூட மாட்டாள், திகைத்து நிற்பாள். அப்படித்தான் அவள் சுபாவம். அந்த முகத்தை நினைத்ததும் கலைவாணி பாதிக் கூடையோடு எழுந்துவிட்டாள்.

திருப்பி வைத்துவிடலாம். இன்னும் நேரம் இருக்கிறது. மேடம் வர மூன்று மணி ஆகும்.

ஆனால் அவள் தெரு முனை திரும்பியபோது ஆட்டோவில் இருந்து மேடமும் பூவிழியும் இறங்கிக்கொண்டிருந்தார்கள். முந்தின பஸ்ஸிலேயே வந்துவிட்டார். மாலையில் வேறு ஊர் போக வேண்டுமாம்.

"முதல்ல உங்க வீட்டுத் தொட்டியைப் பார்த்துடலாம் கலைவாணி" என்றார் மேடம்.

வேறு வழி இல்லை. சாவி இடுப்பில் சுட்டது.

அனிதா மேடம் தொட்டி முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டார். எதையும் தொடவில்லை. ஐந்து நிமிஷம் பார்த்தார். மீன்கள் இரண்டும் வெளியில் நீந்திக்கொண்டிருந்தன. தீனி போட்டதும் ஓடி வந்து தின்றன. கலைவாணிக்கு மூச்சு வந்தது. அப்புறம் மேடம் ஒரு விரலால் மூலையைக் காட்டினார். சுரண்டியும் போகாத செம்பழுப்புப் படலம். தண்ணீரின் மேல்பரப்பில் எண்ணெய் சிந்தின மாதிரி மெல்லிசாக ஓர் ஏடு. கல்லுக்குப் பின்னால் தின்னாமல் அழுகிய இறால் துண்டுகள்.

அவர் பொறுமையாகவே சொன்னார். அறுபது லிட்டர் தொட்டியில் மணிக்கு இருநூற்று ஐம்பது லிட்டர் ஓடினால், மொத்தத் தண்ணீரும் நாலு தடவைதான் சுற்றி வரும். உப்புத் தண்ணீர்த் தொட்டிக்கு அது போதாது. இந்த மீனுக்குக் குறைந்தது பத்துத் தடவையாவது வரவேண்டும், இருபது வரைக்கும் தாங்கும். ஓட்டம் போகாத மூலையில் அழுக்கு உட்காரும், படலம் பிடிக்கும். மேலே ஏடு கட்டினால் காற்று உள்ளே இறங்காது. நீங்கள் தினமும் சுத்தம் செய்வது தெரிகிறது, அதனால்தான் மீன் பிழைத்திருக்கிறது. ஆனால் நீங்கள் இரண்டு நாள் ஊருக்குப் போனால் இது நிற்காது.

கலைவாணி தலையாட்டினாள். வாசலில் நின்ற பூவிழியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"சரி, அடுத்த வீடு" என்று மேடம் எழுந்தார்.

கலைவாணி பூட்டைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றாள். பூவிழியும் ஏனோ பின்னாலேயே தயங்கினாள். மேடம் முதலில் உள்ளே போனார். கலைவாணி கண்ணை மூடிக்கொண்டு உள்ளே காலை வைத்தாள்.

திறந்து பார்த்தபோது இரண்டு மீன்களும் தொட்டியின் நடுவில் இருந்தன.

வாயைப் பிளக்கவில்லை. ஒன்று பானை ஓட்டின் மேல் பக்கத்தை வாயால் கொத்திக்கொண்டிருந்தது. மற்றது அதைச் சுற்றிச் சுற்றி வந்தது. மேடம் நாலு துணுக்கு இறாலைப் போட்டார். இரண்டும் பாய்ந்து வந்து வாங்கின. பூவிழி சுவரில் சாய்ந்து வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் கண்ணில் தண்ணீர்.

மேடம் மோட்டாரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மூவாயிரம் லிட்டர் என்று பூவிழி வழியில் சொன்னதும் தனக்குத் திக்கென்றது என்றார். அறுபது லிட்டருக்கு அது மணிக்கு ஐம்பது தடவை. இந்தச் சின்ன மீன்களுக்கு அது புயல். நேரே அடித்தால் ஓரமாக ஒண்டிக் கிடக்கும், தீனி தின்னாது, சில நாளில் செத்துப்போகும். கழற்றிவிடச் சொல்லலாம் என்றுதான் வந்தாராம்.

"ஆனா யாரோ இதைப் பின்னாடிக் கண்ணாடிப் பக்கம் திருப்பியிருக்கீங்க. வேகம் கண்ணாடியில பட்டு உடைஞ்சு தொட்டி முழுக்கப் பரவுது. மேல பாருங்க, தண்ணி மெதுவா அசையுது. அழுக்கு தங்க ஒரு மூலைகூட இல்ல. மீனுக்கும் இதம். பெரிய மோட்டார் மாட்டிட்டா இதுதான் வழி. யாரு செஞ்சது?"

அந்த ஒரு நொடியில் கலைவாணிக்குள் வந்ததை என்னவென்று சொல்வது. கெடுக்க வைத்த கைக்கு வைத்தியம் பலித்திருக்கிறது. பூவிழி நான்தான் என்று சொல்லிவிட்டால் எல்லாம் அவளுக்கு. தான் செய்த வேலைக்கு அவளுக்குப் பெயர். அதையும் வாயைத் திறந்து கேட்க முடியாது.

பூவிழி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "நான் இல்ல மேடம். எட்டு நாளா ரெண்டும் சாப்புடவே இல்ல. இன்னா பண்றதுனு தெரியாம, யாருகிட்டயும் சொல்ல வெக்கப்பட்டுக்கினு இருந்தேன். சாவி அக்காகிட்டதான் இருந்துச்சி. அக்காதான் பாத்து வெச்சிருக்கும்."

மேடம் திரும்பிக் கலைவாணியைப் பார்த்தார். தலை தானாக ஆடியதா, ஆட்டினாளா, அவளுக்கே தெரியவில்லை.

அது போதுமாக இருந்தது. தொட்டியை யார் வேண்டுமானாலும் கழுவலாம், ஓட்டத்தைப் பார்த்துப் புரிந்துகொள்கிறவர்தான் பத்துத் தொட்டிக்குப் பொறுப்பு ஏற்கவேண்டும் என்றார் மேடம். உங்கள் வீட்டில் சின்ன மோட்டாரை வைத்துக்கொண்டே மூன்று வாரம் மீனைக் காப்பாற்றினீர்கள், இங்கே பெரிய மோட்டாரை அடக்கிவிட்டீர்கள் என்று அவள் தோளைத் தட்டினார். கூடம் கலைவாணி பொறுப்பில். நாளை முறையாக எழுதி அனுப்பிவிடுவதாகச் சொல்லிவிட்டு, குழுப் பெண்கள் இரண்டு பேரைப் பார்க்கக் கரைப் பக்கம் போனார். ஆட்டோ தெரு முனையில் காத்திருந்தது.

கலைவாணி நினைத்தது எல்லாம் நடந்துவிட்டது. அந்த வீட்டை விட்டுப் போகத்தான் கால் எழவில்லை.

பூவிழி தொட்டி முன்னால் உட்கார்ந்தாள். கன்னத்தைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டு பேசினாள். கலைவாணியின் மகள் தினமும் வந்து எங்கள் வீட்டு மீன் அம்மா கையில் இருந்தே வாங்கித் தின்கிறது என்று சொல்லும்போது தனக்கு எப்படி எரியும் தெரியுமா என்றாள். உன் மோட்டார் சத்தமே கேட்காதே, எனக்கு மட்டும் ஏன் இவர் இந்த ராட்சசனை வாங்கி வந்தார் என்று அழுவாளாம். சொன்னால் கணவன் மனசு கஷ்டப்படுமே என்று சொல்லவும் முடியாதாம்.

கலைவாணி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தும் ஒருத்தி காது வைத்துக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

பூவிழி மெல்லத் திரும்பினாள்.

"ஒண்ணு கேக்கட்டாக்கா. மீன் சாப்புடலனு என் வூட்டுக்காரருக்கே தெரியாது. உனக்கு எப்படித் தெரிஞ்சிது?"

தெரியும் என்று சொல்ல நூறு வழி இருந்தது. பார்த்ததுமே புரிந்தது எனலாம். மூலையில் ஒண்டிக் கிடந்ததைக் கண்டேன் எனலாம். பூவிழி நம்பவும் தயாராகத்தான் இருந்தாள். அந்த நம்பிக்கைதான் கலைவாணியால் தாங்க முடியாததாக இருந்தது.

"எனக்குத் தெரியாது" என்றாள். "முட்டை வைக்கப் போகுதுனு நெனச்சேன். கெட்டுப்போவட்டும்னுதான் திருப்புனேன்."

பூவிழிக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது அவள் முகத்தில் இருந்த ஈரம் காய்ந்துபோன மாதிரி ஆயிற்று. தொட்டியைப் பார்த்தாள். கலைவாணியின் கையைப் பார்த்தாள். எழுந்து, சேலையை உதறிக்கொண்டாள். சண்டை போடுவாள் என்று கலைவாணி காத்திருந்தாள். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மேடம் இன்னும் ஆட்டோ ஏறல" என்றாள் பூவிழி. "அவங்ககிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டா?"

கலைவாணி செருப்பைக்கூடப் போடாமல் தெருவில் இறங்கினாள். முனையில் அனிதா மேடம் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துகொண்டிருந்தார். கலைவாணி கையைத் தூக்கிக்கொண்டு ஓடத் தொடங்கினாள். அவளுக்குப் பின்னால், பூவிழி வீட்டுக் கதவு சாத்தப்பட்டு உள்ளே தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.